காட்டக் கண்ட பாடம்

தேன் இனிக்கும் என்று நூலில் படித்தவரும் சொல்லுவர்; தேனைச் சுவைத்தவரும் சொல்லுவர். இருவர் வாயிலும் வருவது ஒரே சொல். ஆயினும் அச்சொல்லின் பின்னே நிற்கும் அறிவு ஒன்றன்று. முதலாமவரிடம் நால்வர் கூடித் 'தேன் கசக்கும்' என்று வாதிட்டால் அவர் ஐயுறவும் கூடும். இரண்டாமவரை நாலாயிரவர் கூடினும் அசைக்க இயலாது. சொல்லால் வந்த அறிவு சொல்லால் கலைதல் உண்டு. கண்டு பெற்ற அறிவு அவ்வாறு கலைவதில்லை.

உலகப் பொருளுக்கே இவ்வேறுபாடு உண்டு எனின், வாக்கும் மனமும் எட்டாத பரம்பொருளை அறியும் நெறியில் இது எத்துணைப் பெரிதாகும்! நூல்களைப் போற்றிக் கற்ற நம் சைவப் பெரியோர், ஆசான் காட்டக் காணும்போதே ஐயம் முற்றும் அறும் என்றும் உணர்ந்திருந்தனர். இதனை விளக்கும் இரண்டு வரலாறுகள் ஒரே தலத்தில் நிகழ்ந்துள்ளன. இன்று விழுப்புரம் மாவட்டத்தில் விளங்கும் திருவெண்ணெய்நல்லூர் என்னும் நடுநாட்டுப் பாடல் பெற்ற தலமே அது. அங்குள்ள திருக்கோயில் திருவருட்டுறை எனப் பெயர் பெறும்.

அறிவு வரும் வாயில்கள்

வரலாறுகளைக் காணுமுன், அறிவைப் பற்றிச் சைவ சித்தாந்தம் கூறுவதைச் சிறிது அறிதல் நலம். பொருளை அளந்து அறியும் கருவிக்கு அளவை என்று பெயர். அது காண்டல், கருதல், உரை என மூவகைப்படும். நேரே அறிவது காண்டல். புகையைக் கண்டு நெருப்பு உண்டு என உய்த்துணர்வது கருதல். நம்பத் தக்க பெரியோர் சொல்லாலும் நூலாலும் அறிவது உரை.

காண்டல் என்றவுடன் கண்ணால் பார்ப்பது மட்டுமே என எண்ணலாகாது. சிவஞான சித்தியார் காட்சியை நான்காக வகுக்கிறது. ஐம்பொறிகளின் வழியே வருவது வாயிற்காட்சி. பொறிகள் கொணர்ந்ததை மனம் கொண்டு உணர்வது மானதக் காட்சி. இன்ப துன்பங்களை உயிர் தானே நுகர்ந்து அறிவது தன்வேதனைக் காட்சி. யோகத்தால் தடை நீங்கி, இருந்த இடத்திலிருந்தே தொலைவில் உள்ளதையும் உணர்வது யோகக் காட்சி.

காட்சியிலும் பழுது நேரும். மங்கிய ஒளியில் தொலைவில் நிற்பது கட்டையோ ஆளோ என மயங்குவது ஐயம். கிடக்கும் பழுதையைப் பாம்பு எனவே துணிந்து அஞ்சுவது திரிபு. இவ்விரண்டும் நீங்கிய காட்சியே மெய்க்காட்சி. பழுதையைப் பாம்பென்று அஞ்சி நிற்பவனிடம் 'அது பாம்பன்று' என்று பத்துமுறை சொன்னாலும் அவன் நடுக்கம் முழுதும் தீராது. விளக்கைக் கொண்டுவந்து காட்டினால் அந்நொடியே தீரும். அதன்பின் அஞ்சு என்று சொன்னாலும் அவனால் அஞ்ச இயலாது. ஞானம் உதிக்கும் முறையும் இத்தகையதே.

ஓலை கட்டியது, காட்சி விழிப்பித்தது

முதல் வரலாறு சுந்தரமூர்த்தி நாயனாருடையது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரிய புராணம் இதனை விரித்துரைக்கிறது.

புத்தூரில் திருமணப் பந்தரில் நம்பியாரூரர் மணக்கோலத்துடன் வீற்றிருந்தார். அங்கே முதிய வேதியர் ஒருவர் தோன்றி, 'நீ எனக்கு அடிமை. உன் பாட்டனார் எழுதித் தந்த ஓலை என்னிடம் உண்டு' என்றார். அந்தணர் அந்தணருக்கு அடிமையாவதும் உண்டோ என நகைத்த நம்பியாரூரர், முதியவரைப் பித்தர் என்று இகழ்ந்தார். அவர் கையிலிருந்த ஓலையைப் பற்றிக் கிழித்தும் எறிந்தார். முதியவர் கலங்கவில்லை. கிழிந்தது படி ஓலை என்றும், மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் உள்ளது என்றும் கூறி, வழக்கை அவ்வூர் அவைக்குக் கொண்டு சென்றார்.

அவையோர் மூல ஓலையை வாங்கிப் படித்தனர். பாட்டனாரின் கையெழுத்தை வேறு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். எழுத்து ஒத்திருந்தது. நம்பியாரூரர் தோற்றார், முதியவருக்கு ஏவல் செய்யக் கடமைப்பட்டார் எனத் தீர்ப்பாயிற்று.

இவ்விடத்தில் நின்று எண்ண வேண்டும். ஓலையில் எழுதியிருந்தது முழு உண்மையே. உயிர் இறைவனுக்கு அடிமை என்பதே அந்த ஓலையின் பொருள். அதனைப் படித்தும் கேட்டும் ஆயிற்று. சான்று காட்டி உறுதி செய்யவும் ஆயிற்று. ஆயினும் நம்பியாரூரர் உள்ளத்தில் அன்பு சுரக்கவில்லை. வழக்கில் தோற்றவர் தீர்ப்புக்கு உடன்படுவது போல உடன்பட்டார், அவ்வளவே. சொல்லால் அவரைக் கட்ட முடிந்தது. விழிப்பிக்க முடியவில்லை.

அவையோர் முதியவரை நோக்கி, இவ்வூரில் உம்முடைய மனை எது, காட்டுக என்றனர். அவர் முன்னே நடந்து திருவருட்டுறைக் கோயிலுள் புகுந்தார்; புகுந்தவர் மறைந்தார். நம்பியாரூரர் தனியே பின்தொடர்ந்து அழைத்தார். அப்போது இறைவன் உமையம்மையோடு விடைமேல் தோன்றிக் காட்சியளித்தான். கண்ட அளவில் அவர் உடல் சிலிர்த்தது. கைகள் தலைமேற் குவிந்தன. அதுவரை வழக்காக நின்ற அடிமை, அதன்பின் பேறாக மாறிற்று. தம்மைப் பாடுக என்று இறைவன் பணித்தபோது, முன்பு வசையாகச் சொன்ன சொல்லே பாட்டின் முதற்சொல் ஆயிற்று. சொல் மாறவில்லை. சொன்னவர் கண்டுவிட்டார், ஆகவே சொல்லின் பொருள் மாறியது.

மூப்புடைய மாணாக்கர்

இரண்டாவது வரலாறு 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. திருத்துறையூரில் சகலாகம பண்டிதர் என்னும் பெரியவர் வாழ்ந்தார். ஆகமங்கள் எல்லாவற்றையும் கற்றவர் என்பதே அப்பெயரின் பொருள். திருப்பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் அவர்பால் அன்பு பூண்ட மாணாக்கர். மகப்பேறின்றி வருந்திய களப்பாளர் தம் குருவை அடுத்தபோது, பண்டிதர் திருமுறை ஏட்டில் கயிறு சாத்திப் பார்த்தார். திருஞானசம்பந்தர் அருளிய திருவெண்காட்டுப் பதிகம் கிடைத்தது. களப்பாளரும் துணைவியாரும் திருவெண்காடு சென்று முக்குள நீராடி வழிபட்டனர், ஆண்மகவு பிறந்தது. திருவெண்காட்டு இறைவன் அருளால் பிறந்தமையால் சுவேதவனப் பெருமாள் எனப் பெயரிட்டனர்.

அக்குழந்தை திருவெண்ணெய்நல்லூரில் தாய்மாமன் இல்லத்தில் வளர்ந்தது. விண்வழியே சென்ற பரஞ்சோதி முனிவர் அக்குழந்தையின் பக்குவத்தை உணர்ந்து இறங்கி, ஞானோபதேசம் செய்து, மெய்கண்டார் என்னும் தீக்கைப் பெயரையும் அளித்தார் என்பது மரபு. பெயரை நோக்குக. மெய்யைக் கற்றார், மெய்யைக் கேட்டார் என்று சொல்லாமல், மெய்யைக் கண்டார் என்றே முனிவர் பெயர் சூட்டினார். உளியால் பொள்ளாத, தானே தோன்றிய பிள்ளையாரான பொள்ளாப் பிள்ளையார் திருமுன்னர் மெய்கண்டார் தாம் கண்டதைச் சிந்தித்து, 12 நூற்பாக்களால் சிவஞானபோதம் அருளினார். இளமையிலேயே அவரைச் சுற்றி மாணாக்கர் கூடினர்.

இச்செய்தி சகலாகம பண்டிதர் செவிக்கு எட்டியது. தம் மாணாக்கர் சிலரும் அங்குச் செல்லத் தலைப்பட்டனர். தாம் கயிறு சாத்திப் பார்த்துப் பிறந்த பிள்ளை. தம் மாணாக்கரின் மகன். ஏட்டைத் தொட்டுப் பயிலும் பருவமும் கடவாதவன். அவனிடம் கற்க என்ன இருக்கிறது? பண்டிதர் உள்ளம் பொறாது நேரே வெண்ணெய்நல்லூருக்குப் புறப்பட்டார்.

அவர் சென்றபோது மெய்கண்டார் மாணாக்கர்க்கு ஆணவ மலத்தின் இயல்பை விளக்கிக் கொண்டிருந்தார். பண்டிதர் அமரவில்லை, வணங்கவும் இல்லை. நின்றபடியே, 'ஆணவத்தின் வடிவம் யாது?' என வினவினார். அவ்வினாவுக்கு ஆகமங்களிலிருந்து விடை சொல்ல அவரே வல்லவர். அறிய விரும்பிக் கேட்ட வினாவன்று அது. மடக்கக் கருதிக் கேட்டது.

மெய்கண்டார் வாய் திறக்கவில்லை. நின்ற முதியவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை அமைதியாக நோக்கினார். சுட்டுவிரலால் அவரையே காட்டினார் என்றும் சொல்லுவர்.

அவ்வளவே விடை. பண்டிதர் அந்நோக்கைப் பின்பற்றித் தம்மையே நோக்கினார். விறைத்த கழுத்து, குனியாத முதுகு, கூப்பாத கை, மடக்கக் காத்திருக்கும் நா ஆகிய இவையெல்லாம் சேர்ந்த ஓர் உருவம் அங்கே நின்றது. ஆணவத்தின் வடிவம் யாது என்று கேட்டவரே அவ்வினாவுக்கு விடையாக நிற்பதை அவர் கண்டார். கண்ட அக்கணமே நிலத்தில் வீழ்ந்து இளங்குருவின் திருவடிகளைப் பற்றினார். வயது, குலகுரு என்னும் நிலை, நெடுநாட் கல்வியின் செருக்கு யாவும் அங்கே கழன்றன. அருணந்தி சிவம் என்னும் பெயருடன் அவர் மெய்கண்டாரின் மாணாக்கர் ஆயினார்.

சொல் எட்டாத இடம் எது?

சகல ஆகமங்களும் கற்ற ஒருவருக்கு ஆணவம் இன்னது என்று தெரியாமற் போனது எவ்வாறு? தெரியாமல் இல்லை. அதன் இலக்கணத்தை அவர் மனப்பாடமாக அறிவார். ஆனால் அது தம்மிடத்தில் இருப்பதை அவர் கண்டதில்லை.

இதற்குக் காரணம் ஆணவத்தின் இயல்பே ஆகும். ஆணவத்தை இருளுக்கு ஒப்பிடுவது சித்தாந்த மரபு. பின்வந்த உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் இவ்வொப்புமையை மேலும் நுணுக்கமாக ஆராய்கிறார். புற இருள் பிற பொருள்களை மறைக்கும். ஆயினும் 'இருட்டாக இருக்கிறது' என்று தன்னை வெளிப்படுத்திக் கொள்ளும். ஆகவே விளக்குத் தேடுகிறோம். ஆணவ இருளோ பொருள்களையும் மறைக்கும், தன்னையும் மறைத்துக் கொள்ளும். இருளில் இருப்பதே தெரியாதவன் விளக்கை எதற்குத் தேடுவான்?

மேலும், ஆணவம் சொல்லைத் தனக்கு உணவாக்கிக் கொள்ளவும் வல்லது. பணிவின் பெருமையைப் படித்தவன், பணிவைப் பற்றித் தான் நன்கு பேசுவதை எண்ணிச் செருக்கக் கூடும். ஆணவம் தீது என்று அவைநடுவே முழங்கிவிட்டு, கைதட்டல் குறைந்ததே என வருந்துவோரும் உளர். சொல் மேன்மேலும் சேரும். உள்ளே இருப்பது அசையாது. தன் கண்ணைத் தானே காண இயலாதது போல, இதனைத் தானே காண இயலாது. கண்ணாடி வேண்டும். மெய்கண்டாரின் மௌனம் அன்று பண்டிதருக்குக் கண்ணாடி ஆயிற்று. அவர் ஒரு விளக்கவுரை கூறியிருந்தால் பண்டிதர் அதற்கு மறுப்புரை கூறியிருப்பார். காட்டியதை மறுக்க இயலவில்லை.

இவ்வருள்நோக்கைப் பெரியோர் தீக்கை வகைகளுள் ஒன்றாக வைத்தனர். மீன் பார்வையாலும், பறவை தொட்டு அணைத்தலாலும், ஆமை நினைவாலும் தத்தம் முட்டைகளைப் பொரிக்கும் என்று முன்னோர் உவமை கூறுவர். அவ்வாறே குரு நோக்கியும், தொட்டும், நினைந்தும் மாணாக்கரின் உயிரைப் பக்குவம் செய்வார். இவை முறையே நயன தீக்கை, பரிச தீக்கை, மானச தீக்கை எனப்படும்.

கல்லால மர நிழலில்

சிவாலயங்களில் கருவறையின் தென்புறச் சுவரில் எழுந்தருளியிருக்கும் தட்சிணாமூர்த்தியை வணங்காதார் இலர். அத்திருவுருவம் மேற்கூறிய பாடத்தைக் கல்லில் வடித்து வைத்திருக்கிறது. குரு இளையர், மாணாக்கராகிய சனகர், சனந்தனர், சனாதனர், சனற்குமாரர் ஆகிய நால்வரும் முனிவர். வேதங்களைக் கற்றும் ஐயம் நீங்காமல் வந்த அந்நால்வர்க்கும் இறைவன் கைம்முத்திரையால் பொருளைக் காட்டினான். ஐயம் நீங்கியது.

சின்முத்திரையின் பொருளை ஆசிரியர்கள் இவ்வாறு விளக்குவர். பெருவிரல் இறைவன், சுட்டுவிரல் உயிர், ஏனைய மூன்று விரல்களும் ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலம். சுட்டுவிரல் இயல்பாக அம்மூன்றோடு சேர்ந்தே நிற்கிறது. அது அவற்றை விட்டு விலகி, வளைந்து, பெருவிரலின் அடியை நாடும்போது வட்டம் நிறைவுறுகிறது. பிறரைச் சுட்டிக் குறை கூறும் விரலும் அதுவே. வளைந்து வணங்கும்போது முத்திரையாவதும் அதுவே.

இன்னொன்றும் காணத் தக்கது. தட்சிணாமூர்த்தியின் இடக்கரம் ஒன்றில் ஏட்டுச் சுவடி இருக்கக் காணலாம். இறைவன் நூலைக் கீழே போடவில்லை. ஒரு கையில் நூலை வைத்துக்கொண்டே மறுகையால் காட்டுகிறான்.

நூல் வேண்டாவோ?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழியைப் பிடித்துக்கொண்டு, 'படிப்பு வேண்டா, அனுபவமே போதும்' என்பார் உண்டு. அது பிழை. பண்டிதர் ஆகமம் கல்லாதவராக இருந்திருப்பின் அந்த ஒரு நோக்கின் பொருள் அவருக்கு விளங்கியிராது. 'இப்பிள்ளை ஏன் நம்மை இப்படிப் பார்க்கிறது' என்று எண்ணித் திரும்பியிருப்பார். நெடுநாள் கற்ற கல்வி, காய்ந்த விறகு போல அடுக்கப்பட்டிருந்தது. ஆதலால் ஒரு பொறி போதுமானதாயிற்று.

கண்டபின்னும் அவர் சொல்லைத் துறக்கவில்லை. குருவை முன்னிலையாக்கி வினவுவது போல அமைந்த இருபா இருபஃது என்னும் 20 பாடல் கொண்ட நூலை இயற்றினார். சிவஞானபோதத்திற்கு வழிநூலாகச் சிவஞான சித்தியாரையும் அருளினார். மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கனுள் இவ்விரண்டும் அடங்கும். காண்டல், கருதல், உரை என அளவைகளை முறைப்படுத்திச் சொல்வதும் அச்சித்தியாரே. மெய்கண்டாரின் மற்றொரு மாணாக்கரும் உண்மை விளக்கம் என்னும் நூலை இயற்றினார். அவர் பெயர் மனவாசகம் கடந்தார். மனத்தையும் சொல்லையும் கடந்தவர் என்னும் பெயருடையவரே நூல் எழுதினார் என்பது சிந்திக்கத் தக்கது.

இரு வரலாறுகளும் உணர்த்துவது ஒன்றே. காணுமுன் சொல் வழக்காக நிற்கிறது. கண்டபின் அதே சொல் வழிபாடாகிறது. சுந்தரருக்கு வசைச்சொல் பாட்டாயிற்று. அருணந்தி சிவத்திற்கு வாதநூல் ஞானநூல் ஆயிற்று.

காணும் ஆற்றலும் நம்முடையது மட்டும் அன்று. உயிர் உடனிருந்து காட்டாவிடின் கண் எதனையும் காணாது. அவ்வாறே இறைவன் உடனிருந்து காட்டாவிடின் உயிரும் எதனையும் அறியாது என்பது சிவஞானபோதம் 11ஆம் நூற்பாவின் கருத்து. அவன் காட்டியும் நிற்கிறான். நம்மோடு கண்டும் நிற்கிறான். இதனை உணர்ந்த உயிருக்கு, 'நான் கண்டேன்' என்னும் செருக்கு எழ இடமில்லை. அயராத அன்பே மிஞ்சும்.

திருக்கோயிலில் காணும் முறை

அருணந்தி சிவத்திற்குக் கிடைத்த நோக்கு நமக்கு எங்கே கிடைக்கும் என ஏங்க வேண்டுவதில்லை. திருக்கோயில்கள் அதற்காகவே அமைந்தவை. கருவறை இருளாக இருக்கிறது. அருச்சகர் தீபம் காட்டுகிறார். தீபம் ஏற்றுதல் என்று நிறுத்தாமல் 'காட்டுதல்' என்றே தமிழில் வழங்குகிறோம். அந்த ஒளியில் திருமேனி புலனாகிறது.

அந்நேரத்தில் நாம் செய்வது என்ன? பலர் கண்களை இறுக மூடிக்கொண்டு தம் வேண்டுதலைச் சொல்லத் தொடங்குகின்றனர். சிலர் கைப்பேசியை நீட்டுகின்றனர். சிலர் முன்னிற்பவரின் தோளைத் தள்ளுகின்றனர். காட்டும்போது காணாமல் விட்டு, திரை விழுந்தபின் அருகிலிருப்பவரிடம் 'இன்று என்ன அலங்காரம்' என்று கேட்பதும் உண்டு. வேண்டுதலைத் தீபத்திற்கு முன்னும் பின்னும் சொல்லலாம், இறைவன் கேட்பான். தீபம் காட்டும் அச்சிறு பொழுது காண்பதற்கு உரியது. திருவடியில் தொடங்கித் திருமுடி வரை, நாவை அடக்கி, கண் நிறையக் காண வேண்டும்.

ஆடவல்லான் திருமுன் நிற்போர் இன்னும் சற்று நிதானமாகக் காணலாம். துடி ஏந்திய கை படைத்தலையும், அமைத்த கை காத்தலையும், தீ ஏந்திய கை அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் காட்டுகின்றன என்று உண்மை விளக்கம் உணர்த்துகிறது. ஐந்தொழிலையும் இவ்வாறு ஒருமுறை பொருளுணர்ந்து கண்டவர்க்குப் பின்னர் அத்திருவுருவமே நூலாகி நிற்கும்.

மேலும் ஒன்று. நாம் இறைவனைக் காணச் செல்கிறோம் என்று எண்ணுகிறோம். இறைவன் நம்மைக் காணவும் செல்கிறோம். மெய்கண்டார் அப்பண்டிதரை நோக்கியது போல, கருவறையிலிருந்து ஒரு நோக்கு நம் உச்சி முதல் உள்ளங்கால் வரை படிகிறது. அந்நோக்கின்முன் நாம் எவ்வாறு நிற்கிறோம்? வணங்கி நிற்கிறோமா, வரிசையில் முந்தி வந்த பெருமையோடு நிற்கிறோமா? இவ்வினாவைத் தமக்குத் தாமே கேட்டுக் கொள்பவருக்கு வெண்ணெய்நல்லூரில் அன்று நிகழ்ந்த பாடம் இன்றும் தொடங்கிவிட்டது எனலாம்.

நினைவிற் கொள்ளத் தக்கவை

1. நூல் பொருளின் பெயரைத் தரும். காட்சி பொருளையே தரும். இரண்டும் வேண்டும்.

2. ஆணவம் தன்னையும் மறைத்துக் கொள்வது. ஆதலால் அதனைக் காட்டுவோர் சிறியரேயாயினும் அவரை வணங்கி ஏற்க வேண்டும்.

3. நாள்தோறும் ஒரு சிறு பொழுதேனும் வாய் பேசாது, கண்மூடாது, இறைவன் திருவுருவத்தை அடிமுதல் முடிவரை கண்டு பழகுதல் நன்று.

4. பிறரைச் சுட்டும் விரல் தம்மை நோக்கித் திரும்பும் நாளே மெய்க்கல்வி தொடங்கும் நாள்.

காட்டுவானாகிய இறைவன் அன்பர்கள் அனைவர்க்கும் கண்ணும் கருத்தும் தந்து காட்டியருள்வானாக.

திருச்சிற்றம்பலம்